காலைச் சர்க்கரை கூடினால் இரவு ஊசியைக் கூட்டலாமா? நீண்ட நேர இன்சுலினின் கணக்கு

படுக்கும்போது 182. எழுந்ததும் 176. டைப் 1 சர்க்கரை நோயுள்ள ஒருவரின் குறிப்பேட்டில் இப்படி இரண்டு எண்கள் இருந்தால், அன்று இரவே நீண்ட நேர இன்சுலினில் 2 யூனிட் கூட்டிவிடத்தான் கை போகும். காலையில் 176 என்பது அதிகம்தான். ஆனால் எட்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் தூங்கிய உடம்பில் சர்க்கரை 6 புள்ளிதான் நகர்ந்திருக்கிறது. நீண்ட நேர இன்சுலின் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்பே, இரவுச் சாப்பாட்டிலோ அந்தச் சாப்பாட்டுக்குப் போட்ட ஊசியிலோ நடந்து முடிந்துவிட்டது.

இந்த இடத்தில் 2 யூனிட்டைக் கூட்டினால், என்றைக்கு இரவுச் சாப்பாட்டுக் கணக்கு சரியாக அமைகிறதோ அன்றைக்கு விடியற்காலையில் சர்க்கரை பள்ளத்தில் விழும். அதனால் இந்த இன்சுலினை எப்படி எடைபோடுவது என்பதை அடியிலிருந்து பார்த்துவிடுவது நல்லது. (இங்கே வரும் சர்க்கரை அளவுகள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. மில்லிமோல் கணக்கில் பார்ப்பவர்கள் 18ஆல் வகுத்துக்கொள்ளலாம்.)

சாப்பிடாதபோதும் சர்க்கரை எங்கிருந்து வருகிறது?

கல்லீரலிலிருந்து. மூளைக்கும் ரத்த அணுக்களுக்கும் இரவிலும் எரிபொருள் வேண்டும் என்பதால் அது ஓயாமல் குளுக்கோஸை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது மணிக்குச் சுமார் 8 கிராம். கணையம் நன்றாக இருப்பவருக்கு, சொட்டுச் சொட்டாகச் சுரக்கும் இன்சுலின் இந்த ஊற்றை அளவோடு வைத்திருக்கிறது. டைப் 1-ல் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. சொட்டு நின்றால் கல்லீரலுக்குக் கடிவாளம் இல்லை. சர்க்கரை ஏறுவதோடு, கொழுப்பு கட்டுமீறிக் கரைந்து, ரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன்களும் சேரத் தொடங்குகின்றன.

அந்தச் சொட்டுக்குப் பதிலாகப் போடுவதுதான் நீண்ட நேர இன்சுலின். மருத்துவர்கள் 'பேசல்' என்பார்கள். சாப்பாட்டுக்கும், ஏறிய சர்க்கரையை இறக்குவதற்கும் போடும் வேக இன்சுலின் 'போலஸ்'. பேசலின் வேலை சர்க்கரையை இருக்கும் இடத்திலேயே பிடித்து வைப்பது. 110-ல் படுத்தவரை 110-ன் பக்கத்திலும், 182-ல் படுத்தவரை 182-ன் பக்கத்திலும் எழுப்பிவிட்டால் அது சரியான பேசல். இறக்கும் பொறுப்பு போலஸுடையது.

ஆரம்ப அளவுக்கு ஒரு பொதுக்கணக்கு உண்டு. நாள் முழுவதற்குமான மொத்த இன்சுலின் பெரும்பாலும் கிலோவுக்கு 0.4 முதல் 1 யூனிட் வரை. அதில் ஏறக்குறைய பாதியோ, பாதிக்குச் சற்றுக் குறைவோ பேசல். 60 கிலோ உள்ளவருக்குக் கிலோவுக்கு 0.5 என்று தொடங்கினால் மொத்தம் 30 யூனிட், பேசல் 12 முதல் 15. பருவ வயதில் தேவை கூடும். நோய் கண்டுபிடித்த புதிதில், மிச்சமிருக்கும் பீட்டா செல்கள் கொஞ்சம் சுரப்பதால் தேவை வெகுவாகக் குறையலாம். எப்படியிருந்தாலும் இது தொடங்குவதற்கான எண். எத்தனை யூனிட் தேவை என்பதை அவரவர் உடம்பு இரவில் காட்டும்.

தோலுக்கு அடியில் என்ன நடக்கிறது?

1922-ல் இன்சுலின் சிகிச்சை தொடங்கியபோது அது சில மணி நேரமே தாங்கியது. நாளுக்குப் பல ஊசிகள், நடுராத்திரியிலும் எழுப்பிப் போட வேண்டிய நிலை. டென்மார்க்கில் ஹாகடோர்ன் குழுவினர் 1936-ல் மீனிலிருந்து எடுத்த புரோட்டமின் என்ற புரதத்தைச் சேர்த்து இன்சுலினை மெதுவாகக் கரைய வைத்தார்கள். அந்த வழியில் 1946-ல் வந்ததுதான் இன்றும் புழங்கும் என்.பி.எச். பால்போலக் கலங்கலாக இருக்கும் மருந்து இது. போட்டு 4 மணி நேரத்துக்குப் பிறகு ஒரு உச்சத்துக்கு ஏறி இறங்கும். இரவு எட்டு மணிக்குப் போட்டால் அந்த உச்சம் நல்ல தூக்கத்தில்தான் வரும். இதில் இரவுத் தாழ்சர்க்கரை அதிகம் என்பதற்குக் காரணம் அதுவே.

பிறகு வந்தவை உச்சத்தைத் தட்டையாக்க வேறு வேறு வழி பிடித்தன. கிளார்ஜின் அமிலத்தன்மையுள்ள தெளிந்த திரவம். தோலுக்கடியில் அமிலத்தன்மை மாறியதும் நுண்ணிய படிவாக உறைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. வேக இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் இதைக் கலக்கக் கூடாது என்பது இதனால்தான். டெட்டெமிர் ஒரு கொழுப்பு அமில வாலைக் கொண்டு ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. டெக்லுடெக் தோலுக்கடியில் நீண்ட சங்கிலியாகக் கோத்துக்கொண்டு ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழல்கிறது. சாதாரண கிளார்ஜின் சுமார் 24 மணி நேரம் தாங்கும், சிலருக்கு அதற்கு முன்பே தீர்ந்துவிடும். டெட்டெமிரை டைப் 1-ல் பலர் இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுவார்கள். மும்மடங்கு செறிவுள்ள கிளார்ஜின் 36 மணி நேரம் வரையும், டெக்லுடெக் 42 மணி நேரத்துக்கு மேலும் செல்லும்.

நேற்றைய ஊசி இன்னும் தீரவில்லை

42 மணி நேரம் நிற்கும் மருந்தை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை போடுகிறோம். அப்படியானால் ஒன்றன் மேல் ஒன்று சேராதா? சேரும். சேர்வதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

டெக்லுடெக்கின் அளவு பாதியாகக் குறையச் சுமார் 25 மணி நேரம் ஆகும். கணக்கு எளிதாக இருக்க, ஒரு நாளில் பாதி மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் 20 யூனிட். முதல் நாள் ஊசி போட்டதும் உடம்பில் 20. இரண்டாம் நாள் மிச்சம் 10-உம் புதிய 20-உம் சேர்ந்து 30. மூன்றாம் நாள் 35. நான்காம் நாள் 37½. இப்படி ஏறி 40-ல் போய் நிற்கும். அதற்குப் பிறகு தினமும் தீர்வதும் 20, போடுவதும் 20, நிலை சமமாகிவிடும்.

அந்த 40-ல் இருப்பவர் காலைச் சர்க்கரை பிடிக்காமல் தினமும் 2 யூனிட் கூட்டுகிறார் என்று பார்ப்போம். முதல் நாள் 22 போட்டால் இருப்பு 42. மறுநாள் 24, இருப்பு 45. மூன்றாம் நாள் 26, இருப்பு 48½. அன்றைக்குக் காலை எண் நன்றாக வந்துவிட்டது, 26-லேயே நிறுத்திக்கொள்கிறார். ஆனால் இருப்பு நிற்கவில்லை. அடுத்த நாள் 50¼, அதற்கடுத்த நாள் 51 தாண்டி, 52 வரை போகிறது. அவர் கூட்டுவதை நிறுத்திய பிறகும் மருந்து கூடிக்கொண்டே இருக்கிறது. நன்றாக வந்த காலைக்கு இரண்டு மூன்று நாள் கழித்து, காரணமே தெரியாமல் ஒரு தாழ்சர்க்கரை வரும். காரணம் அந்த மூன்று நாட்களில் இருக்கிறது.

அதனால்தான் அளவை மாற்றினால் காத்திருக்கச் சொல்கிறார்கள். சாதாரண கிளார்ஜினுக்கும் டெட்டெமிருக்கும் மூன்று நாள். டெக்லுடெக்கிற்கு மூன்று நான்கு நாள். செறிவூட்டிய கிளார்ஜினுக்கு ஐந்து நாளாவது. ஒரே ஒரு காலை எண்ணைப் பார்த்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

இரவின் சரிவைப் படிப்பது

பார்க்க வேண்டியது உயரத்தை அல்ல, சரிவை. படுக்கும்போது இருந்த எண்ணும் எழுந்தபோது இருந்த எண்ணும் சுமார் 30 புள்ளிக்குள் இருந்தால் பேசல் அநேகமாகச் சரி. ஆனால் எல்லா இரவும் சோதனைக்கு உகந்த இரவு ஆகாது. அதற்கு வேண்டியவை:

1. கடைசிச் சாப்பாடும் கடைசி வேக இன்சுலினும் குறைந்தது நான்கு மணி நேரத்துக்கு முன்பு முடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் அளப்பது சாப்பாட்டு ஊசியின் மிச்சத்தை.

2. அன்றைய சாப்பாட்டில் எண்ணெயும் கொழுப்பும் அதிகம் இருக்கக் கூடாது. கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்தி நள்ளிரவுக்கு மேல் சர்க்கரையை ஏற்றும். பார்ப்பதற்குப் பேசல் போதாததுபோலவே இருக்கும்.

3. அன்று கடும் உடற்பயிற்சி, மது, காய்ச்சல், தாழ்சர்க்கரை எதுவும் இருந்திருக்கக் கூடாது.

4. தொடங்கும்போது சர்க்கரை 100-க்கும் 180-க்கும் இடையில் இருப்பது நல்லது. ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் சர்க்கரை வெளியேறத் தொடங்குவதால் கணக்கு கலங்கிவிடும்.

5. நடுவில் 70-க்குக் கீழே போனால் சோதனை அங்கேயே முடிந்தது. 15 கிராம் வேகச் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு.

சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் அணிந்திருப்பவருக்கு இரவு முழுவதும் கோடாகவே கிடைக்கும். இல்லாதவர் படுக்கும்போதும், விடியற்காலை 3 மணிக்கும், எழுந்ததும் விரல் குத்திப் பார்க்க வேண்டும். அந்த 3 மணி எண் இல்லாமல் முடிவெடுப்பது இருட்டில் நடப்பது மாதிரி. காலையில் 190 என்ற ஒரே எண்ணுக்குப் பின்னால் எத்தனை வகை இரவு இருக்கிறது பாருங்கள்:

இரவு 185, நடுவில் 188, காலை 190. இது தொடக்கத்தில் பார்த்த கதை. பேசலைத் தொட வேண்டாம்.

இரவு 120, நடுவில் 150, காலை 190. படிப்படியாக ஏறுகிறது. பேசல் குறைவு.

இரவு 120, 3 மணிக்கு 115, காலை 190. விடியலில் வளர்ச்சி ஹார்மோனும் கார்டிசாலும் கல்லீரலை முடுக்கிவிடுவதால் வரும் ஏற்றம் இது. இதற்காகப் பேசலைக் கூட்டினால் 115 இருந்த இடத்தில் 65 வரும். ஊசி நேரத்தை மாற்றுவது, எழுந்ததும் சிறு திருத்த ஊசி, அல்லது மணிக்கு மணி அளவை மாற்றக்கூடிய இன்சுலின் பம்ப் என்று வேறு வழிகளை மருத்துவர் யோசிப்பார்.

காலையில் ஊசி போடுபவருக்கு, மறுநாள் விடியலில் அடுத்த ஊசிக்கு முந்தைய சில மணி நேரம் மட்டும் சர்க்கரை ஏறுகிறது என்றால், மருந்து 24 மணி நேரம் தாங்கவில்லை என்றும் அர்த்தம் இருக்கலாம். அப்போது இரண்டு வேளையாகப் பிரிப்பதுதான் பேச்சு.

'இரவில் தாழ்ந்து, அதன் எதிர்வினையால் காலையில் எகிறியிருக்கும்' என்ற பழைய விளக்கம் பலருக்கும் மனப்பாடம். சென்சார்கள் வந்த பிறகு பார்த்ததில், இரவில் தாழ்ந்தவர்களுக்குக் காலையிலும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கிறது. அதை ஊகிப்பதை விட 3 மணிக்கு ஒருமுறை அளந்து பார்த்துவிடுவது மேல்.

அழகான 95

எல்லோரும் கோட்டைவிடும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். படுக்கும்போது 170, காலையில் 95. பார்த்தவுடன் மனம் குளிர்ந்துவிடும். குறிப்பேட்டைப் புரட்டும் கண்ணும் 95-ஐப் பார்த்ததும் அடுத்த வரிக்குப் போய்விடும். ஆனால் அந்த இரவில் சர்க்கரை 75 புள்ளி இறங்கியிருக்கிறது. இதே ஆள் 110-ல் படுத்திருந்தால்? பள்ளத்தின் அடிக்குப் போய்த்தான் விழித்திருப்பார், விழித்திருந்தால்.

பேசல் அதிகமாகி, அதைச் சாப்பாட்டால் மூடி மறைத்துக்கொண்டு பலர் ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். அடையாளங்கள் உண்டு: படுக்கும் முன் ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டும், ஒரு வேளை உணவு தள்ளிப்போனால் கை நடுங்கும், மொத்த இன்சுலினில் பேசல் பாதிக்கு வெகு மேலே இருக்கும், எடையும் ஏறும். நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. சாப்பாட்டு ஊசியைத் தவறவிடுகிறவர்களுக்குப் பேசலை ஏற்றி ஏற்றி அந்த ஓட்டையை அடைக்கப் பார்ப்பார்கள். பகல் எண்கள் அழகாகும், இரவு ஆபத்தாகும்.

பகலுக்கும் இதே சோதனைதான். ஒரு நாள் காலை உணவைத் தள்ளிப்போட்டு, இன்னொரு நாள் மதிய உணவைத் தள்ளிப்போட்டு, கோடு தட்டையாக இருக்கிறதா என்று பார்ப்பது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் மருத்துவர் கூட இருந்து நடத்தாமல் இதைச் செய்யக் கூடாது.

எவ்வளவு மாற்றுவது?

ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே விதியில் நடப்பதில்லை. இரண்டு மூன்று இரவுகள் ஒரே மாதிரி ஏறினால், சுமார் 10 சதவீதம், அதாவது 15 யூனிட் போடுபவருக்கு 1 அல்லது 2 யூனிட் கூட்டிவிட்டு மேலே சொன்ன நாட்கள் காத்திருப்பது வழக்கம். சிறு குழந்தைகளுக்கு அரை அரை யூனிட்டாகக் கூட்டக்கூடிய இன்சுலின் பேனாவே தேவைப்படும். ஆனால் வேறு காரணம் புரியாத இரவுத் தாழ்சர்க்கரை ஒருமுறை வந்தாலே போதும். மூன்று நாள் காத்திருக்காமல் 10 முதல் 20 சதவீதம் குறைத்துவிட்டு மருத்துவரிடம் பேச வேண்டும். 54-க்குக் கீழே போயிருந்தால் இன்னும் அவசரம். உங்களுக்கான எண்ணை உங்கள் மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். இப்படி ஒரு விதியை அவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் நடுராத்திரியில் தடுமாற வேண்டியிருக்காது.

அளவு சரி, ஊசி போடும் இடம் சரியில்லை

யூனிட்டைக் கூட்டுவதற்கு முன் வயிற்றைத் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் தொடர்ந்து போட்டால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி மெத்தைபோல் தடித்துவிடும். அங்கே குத்தினால் வலி குறைவு என்பதால் கை தானாகவே அங்கேதான் போகும். அந்த மெத்தையிலிருந்து இன்சுலின் ஒரு நாள் சரியாகவும் மறுநாள் அரைகுறையாகவும் உறிஞ்சப்படும். நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவைப் போட்டால் சர்க்கரை சடாரென்று இறங்கலாம். முன்பே அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

மற்றவை சுருக்கமாக. ஒவ்வொரு முறையும் புது ஊசி. 2 யூனிட் காற்றில் விட்டுச் சோதனை. பொத்தானை முழுக்க அழுத்திய பின் 10 வரை எண்ணி எடுப்பது. என்.பி.எச். என்றால் ஒரே சீரான வெண்மை வரும்வரை உருட்டிக் கலப்பது. பிரிக்காத பேனா 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறைந்துபோனதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். பிரித்தபின் சாதாரண கிளார்ஜின் 28 நாள், டெக்லுடெக் 56 நாள்.

காய்ச்சலும் வாந்தியும் வந்தால்

'ஒன்றுமே சாப்பிடவில்லை, அதனால் இன்சுலினும் போடவில்லை.' இந்த ஒரு வாக்கியம் எத்தனையோ பேரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. சாப்பிடாவிட்டால் நிறுத்த வேண்டியது சாப்பாட்டு ஊசி. கல்லீரல் பட்டினி கிடப்பதில்லை. நோயின்போது அது இன்னும் அதிகமாகவே ஊற்றும். டைப் 1-ல் பேசலை எந்த நிலையிலும் முழுதாக நிறுத்தக் கூடாது. ரத்தக் கீட்டோன் (இது லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு) 0.6-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 1.5-ஐத் தாண்டினால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். 3 என்றால் நேராக அவசரப் பிரிவு. நிற்காத வாந்தி இருந்தால் கீட்டோன் எண்ணுக்காகக்கூடக் காத்திருக்கக் கூடாது.

மாலையில் கடுமையாக விளையாடிய அன்று நிலைமை தலைகீழ். தசைகள் இரவு முழுக்கக் குளுக்கோஸை இழுக்கும். அன்றைய பேசலைச் சுமார் 20 சதவீதம் குறைப்பது ஒரு வழி. ஆனால் டெக்லுடெக்போல மெதுவான மருந்தில் இன்றைய குறைப்பு இன்றைக்கே பலிக்காது. இரவுச் சாப்பாட்டு ஊசியைக் குறைப்பதும் கூடுதலாகச் சாப்பிட்டுப் படுப்பதும்தான் கைகொடுக்கும். மதுவும் கல்லீரலின் குளுக்கோஸ் உற்பத்தியை முடக்குவதால் இரவிலும் மறுநாள் காலையிலும் தாழ்சர்க்கரை வரும்.

மறந்தது, இரண்டு முறை போட்டது, பேனா மாறியது

மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளையோடு சேர்த்து இரட்டிப்பாகப் போடக் கூடாது. பெரியவர்களுக்கு டெக்லுடெக்கில் இரண்டு ஊசிக்கு இடையே 8 மணி நேரமாவது இருக்க வேண்டும். மற்றவற்றுக்கு எத்தனை மணி நேரத் தாமதம் வரை முழு அளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துவைப்பது நல்லது. இரண்டு முறை போட்டுவிட்டால் ஆபத்து மெதுவாக வந்து நெடுநேரம் நிற்கும். அன்று முழுவதும், சில மருந்துகளில் மறுநாளும், அடிக்கடி அளக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பயங்கரமானது பேனா மாறுவது. புது பேசல் மருந்துகளும் வேக இன்சுலினும் ஒரே மாதிரி தெளிவானவை. தூக்கக் கலக்கத்தில் 20 யூனிட் பேசலுக்குப் பதில் 20 யூனிட் வேக இன்சுலின் போய்விட்டால் அரை மணி நேரத்துக்குள் இறங்கத் தொடங்கும். உடனே வீட்டில் ஒருவரை எழுப்ப வேண்டும், சர்க்கரை சாப்பிடத் தொடங்க வேண்டும், அவசர உதவியை அழைக்க வேண்டும். தூங்கப் போகவே கூடாது. இரண்டு பேனாவையும் வேறு வேறு இடத்தில் வைத்து, ஒன்றில் ரப்பர் வளையம் மாட்டிவிட்டால் இருட்டில் விரலே சொல்லிவிடும்.

மருந்து மாறும்போது

டெட்டெமிர் அமெரிக்கச் சந்தையிலிருந்து 2024 இறுதியில் நிறுத்தப்பட்டது. இப்படித் தன் விருப்பம் இல்லாமலே மருந்து மாற வேண்டிய நிலை வருகிறது. யூனிட்டுக்கு யூனிட் மாற்றுவது எப்போதும் சரியாகாது. இரு வேளை என்.பி.எச்.-இலிருந்து ஒரு வேளை கிளார்ஜினுக்கு வந்தாலும், செறிவூட்டிய கிளார்ஜினிலிருந்து சாதாரணத்துக்கு வந்தாலும், 20 சதவீதம் குறைத்தே தொடங்குகிறார்கள். செறிவூட்டிய பேனாவிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கவே கூடாது; வழக்கமான சிரிஞ்சின் கோட்டைப் பார்த்தால் மூன்று மடங்கு மருந்து போய்விடும்.

வாரத்துக்கு ஒரே ஊசி என்று பேசப்படும் ஐகோடெக் விஷயத்திலும் மேலே பார்த்த இருப்புக் கணக்குதான் வேலை செய்கிறது. அது பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். டைப் 1 உள்ளவர்களிடம் தினசரி டெக்லுடெக்கோடு ஒப்பிட்டு நடத்திய ஆய்வில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஈடாகவே இருந்தது. தாழ்சர்க்கரை மட்டும் ஏறத்தாழ இரு மடங்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் அதை அனுமதித்தது. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழுவில், டைப் 1-க்கு நன்மையை விட ஆபத்தே கூடுதல் என்று 7 பேரும், இல்லை என்று 4 பேரும் வாக்களித்தார்கள். ஜூலையில் அந்த அமைப்பு அனுமதியைத் தள்ளிவைத்தது. இன்று மாலை விளையாடப் போகிறவரோ நாளை காய்ச்சலில் விழப் போகிறவரோ, போன வாரம் போட்ட ஊசியிலிருந்து ஒரு யூனிட்டைக்கூடத் திரும்ப எடுக்க முடியாது.